ஏஐ படிப்பில் பிள்ளையைச் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கவுன்சிலிங் நேரம் என்பதால் எழுதுகிறேன். பிள்ளையைக் கம்ப்யூட்டர் சயின்ஸிலோ ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸிலோ சேர்க்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

என் தம்பியைக் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புள்ள கல்லூரிதான். கேட்டிலேயே நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் தேசிய அமைப்பு) ஏ பிளஸ் என்று ஆளுயர போர்டு, பக்கத்தில் பிளேஸ்மென்ட் ஆனவர்கள் படம். அப்பா எது கேட்டாலும் அட்மிஷன் ஆபீஸில் இருந்தவர் அந்த போர்டைத்தான் காட்டினார். நாக் தருவது கல்லூரி மொத்தத்துக்கும். பிரிவு பிரிவாக அங்கீகாரம் தருவது என்பிஏ என்ற இன்னொரு அமைப்பு, அதற்கு அந்தப் பிரிவில் குறைந்தது இரண்டு பேட்சாவது படித்து முடித்து வெளியே போயிருக்க வேண்டும். தம்பி சேர்ந்த ஏஐ பிரிவில் ஒரு பேட்ச்கூட முடிக்கவில்லை, அப்புறம் எங்கிருந்து வரும் பிளேஸ்மென்ட்? படத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு துறைப் பிள்ளைகள்.

கட்டணத்துக்குக் கல்லூரி பெயரில் ரசீது தந்தார்கள். கூடவே 'டெவலப்மென்ட்' என்று 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு டிரஸ்ட் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் தேதிகூட இல்லை. கல்லூரிகள் நன்கொடை வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதலே இருக்கிறது.

சரி, பாடமாவது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எடுக்க வந்தவர் செமஸ்டர் பாதியிலேயே போய்விட்டார், அடுத்து வந்தவர் பிபிடியைப் போட்டு வாசித்துவிட்டுப் போனார். லேபில் பாதி சிஸ்டம் ஆன் ஆகாது. ரெக்கார்டு நோட்டுக்கான புரோகிராம் அவுட்புட்டை வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் ஆகவே அனுப்பிவிடுவார்கள், பிள்ளைகள் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான். தம்பியின் நோட்டை நானே புரட்டிப் பார்த்தேன். லிங்க்ட் லிஸ்ட், பைனரி ட்ரீ எல்லாவற்றுக்கும் அவுட்புட் அழகாக இருக்கிறது, ஒன்றையும் அவன் ஓட்டிப் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்துவிட்டது. துறையின் ஆசிரியர் பட்டியலில் இருந்த பல பேரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே ஆசிரியர் பெயரைப் பல கல்லூரிகளில் கணக்குக் காட்டுகிறார்கள் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளியே கொண்டுவந்ததே, அதைப் படித்தபோதுதான் இது அங்கே மட்டும் நடப்பதில்லை என்று புரிந்தது.

முதல் வருடம் முடிந்ததும் விலகுகிறோம் என்றோம். மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட்டும் டிசியும் தருவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இது பச்சை விதிமீறல். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018ல் அறிவிக்கையே விட்டிருக்கிறது. விலகும் மாணவரிடம் அடுத்தடுத்த வருடக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதி. அப்பா நேரில் போய்க் கெஞ்சியதற்கெல்லாம் அசையாதவர்கள், ஏஐசிடிஇக்கு ஆன்லைன் புகாரும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவும் கொடுத்த பிறகு கூப்பிட்டுச் சான்றிதழைத் தந்தார்கள். அந்த 60,000 வரவே இல்லை, துண்டுச் சீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை.

அதனால் சேருவதற்கு முன்னால் அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா என்று என்பிஏ தளத்திலேயே பாருங்கள், கல்லூரி காட்டும் காகிதம் வேண்டாம். அதே பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒருவரைத் தேடிப்பிடித்து, லேபில் யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழைச் சரிபார்க்கக் கொடுத்தால் அன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாய்ப்பேச்சோடு நிற்காமல் எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கல்லூரி சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆனதற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள்.