வெறுங்கை முழம் போடுமா? புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் கைச்சண்டை ஃபைட்டர்

பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் (ஆட்டக்காரருக்கான விதிப்புத்தகம்) ஃபைட்டர் என்ற போர்வீரன் வகுப்பின் வெறுங்கைக் குத்துக்கு டேமேஜ், அதாவது எதிராளிக்கு விழும் சேதம், எவ்வளவு? 1 கூட்டல் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (உடல்வலுப் புள்ளியிலிருந்து வரும் கூட்டு எண்). பகடையே உருளாது. பேனாக்கத்தி அளவு டேகர் எடுத்தாலும் ஒரு டி4 (நான்கு முகப் பகடை; டி6, டி8 என்பவையும் இப்படியே) கிடைக்கும். 2020 நவம்பரில் டாஷா என்ற துணை விதிப்புத்தகம் வந்து, 'அன்ஆர்ம்ட் ஃபைட்டிங்' என்ற சண்டைப் பாணியைக் கொடுத்த பிறகுதான் கைக்கு மரியாதை வந்தது. அந்தப் பாணி 2024 செப்டம்பர் 17 அன்று வெளியான புதிய ஹேண்ட்புக்கிற்குள்ளேயே வந்துவிட்டது. 384 பக்கம், விலை 49.99 டாலர். கைச்சண்டைக்கார மல்டிகிளாஸ் ஃபைட்டர் (வேறொரு வகுப்பிலும் லெவல் எடுத்தவன்) ஒருவனைக் கட்ட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இந்தப் புத்தகத்தைத் திறப்பவருக்கு இது எந்த அளவு உதவும் என்பதை மட்டும் பார்க்கலாம்.

முதல் எரிச்சல் அடுக்கும் முறை. மல்டிகிளாஸ் விதி 2-ஆம் அத்தியாயத்தில், ஃபைட்டர் 3-இல், சண்டைப் பாணியும் கிராப்ளர் ஃபீட்டும் (ஃபீட் என்பது தனித்திறன்; கிராப்ளர் பிடிச்சண்டைக்கானது) 5-இல். ஆனால் 'அன்ஆர்ம்ட் ஸ்ட்ரைக்' என்றால் என்ன, பிடி எப்படிப் போடுவது, பிடிபட்டவன் நிலை என்ன என்பதெல்லாம் கடைசியில் உள்ள விதி அகராதியில், மூன்று தனித்தனிப் பதிவுகளாக. நான்கு இடத்தில் காகிதச் சீட்டு வைத்துக்கொண்டுதான் இந்த ஆளைக் கட்ட முடியும். அகராதியில் தேடுவது என்னவோ சுலபம்தான். அங்கே தேட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விதி மாறியிருக்கிறது, நன்றாகவே மாறியிருக்கிறது. ஒரு வெறுங்கை அடியை இப்போது மூன்று விதமாகப் பயன்படுத்தலாம்: அடி, பிடி, தள்ளு. பிடிக்கோ தள்ளலுக்கோ பழைய அத்லெடிக்ஸ் திறன் உருட்டுப் போட்டி கிடையாது. 8 கூட்டல் ஸ்ட்ரெங்த் கூட்டல் ப்ரொஃபிஷியன்ஸி (லெவலோடு வளரும் தேர்ச்சி எண்) என்ற டிசிக்கு (எட்ட வேண்டிய இலக்கு எண்) எதிராக எதிராளி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ், அதாவது தப்பிக்கும் உருட்டு, உருட்டுவான்; எது என்பது அவன் விருப்பம். இணையத்தில் கிடக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதி இந்த ஒரு மாற்றத்தால் செல்லாக்காசு. ரோக் என்ற திருடன் வகுப்பில் ஒரு லெவல் எடுத்து அத்லெடிக்ஸில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டைத் தேர்ச்சி) வாங்கு என்பார்கள். அது இனி பிடி போட உதவாது. பார்பேரியன் வகுப்பின் ரேஜ் (வெறியாட்ட நிலை) தரும் ஸ்ட்ரெங்த் செக் அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) அப்படியே. போதாக்குறைக்கு ரோகின் ஸ்னீக் அட்டாக் (பதுங்கி அடிக்கும் கூடுதல் டேமேஜ்) ஃபினெஸ் என்ற லாகவ வகை ஆயுதமோ வில் போன்ற தொலைதூர ஆயுதமோ கேட்கும். வெறுங்கை இவ்விரண்டில் எதுவும் இல்லை.

இனி பாணி. அன்ஆர்ம்ட் ஃபைட்டிங் எடுத்தால் குத்துக்கு டி6 + ஸ்ட்ரெங்த். கையில் ஆயுதமோ கேடயமோ இல்லாவிட்டால் அது டி8. பிடியில் இருக்கும் ஒருவனுக்கு உங்கள் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் டி4 சும்மாவே விழும். இங்கே 'ஸ்ட்ரெங்த்' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். கைச்சண்டைத் துறவி வகுப்பான மங்க் டெக்ஸ்டெரிட்டியால் குத்தலாம், ஆனால் பாணியின் எழுத்தை அப்படியே வாசித்தால் அது மங்கின் சொந்தப் பகடைக்கு, அதாவது முதல் லெவலில் டி6-க்கு. டெக்ஸ் 16, ஸ்ட்ரெங்த் 10 உள்ளவன் இந்தப் பாணியை எடுத்தால், மங்க் கணக்கில் சராசரி 6.5, பாணிக் கணக்கில் வெறும் 4.5. டி8 என்று ஆசைப்பட்டு இதில் விழுபவர்கள் நிறைய. மங்கின் பகடை 5-ஆம் லெவலில் தானாகவே டி8 ஆகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃபைட்டரும் மங்கும் சேர்ந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்மர் போட்டாலோ கேடயம் எடுத்தாலோ மங்கின் மார்ஷியல் ஆர்ட்ஸ் அணைந்துவிடும். கழற்றிவிட்டால் ஏசி (எதிரியின் உருட்டு எட்ட வேண்டிய தற்காப்பு எண்) 10 + டெக்ஸ் + விஸ்டம் (விவேகம்). மங்குக்குள் நுழைய டெக்ஸ், விஸ்டம் இரண்டும் 13 வேண்டும். ஸ்ட்ரெங்த்தை நம்பும் ஆளுக்கு அதற்கு மேல் புள்ளி மிஞ்சாது. கையில் வருவது ஏசி 13 அல்லது 14. ஃபைட்டர் 5, மங்க் 1, ஸ்ட்ரெங்த் 18 என்று வைத்தால் மூன்று குத்து (மூன்றாவது மங்க் தரும் போனஸ் ஆக்‌ஷனில், அதாவது முறைக்கு ஒன்று கிடைக்கும் கூடுதல் செயலில்), எல்லாம் பட்டால் சராசரி 25.5. தாளில் அழகு. முன்வரிசையில் ஏசி 13-உடன் நின்று அந்த மூன்றாவது குத்தை எத்தனை ரவுண்டு போட முடியும்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மங்காக ஆட வேண்டுமென்றால் முழு மங்காகவே ஆடுங்கள். இந்தப் பதிப்பில் அது நல்ல வகுப்பு.

ஃபைட்டருக்குச் சரியான துணை பார்பேரியன், அதுவும் ஒரே ஒரு லெவல். ரேஜில் ஸ்ட்ரெங்த் கொண்டு அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் +2. வெறுங்கைக்கும் உண்டு என்று புதிய புத்தகம் எழுத்திலேயே சொல்லிவிட்டது. ஆயுத அடிகளின் மூன்று வகை டேமேஜும் பாதியாகும். இரண்டாம் லெவல் வரை போய் ரெக்லெஸ் அட்டாக் (அடிக்கு அட்வான்டேஜ் தரும் திறன்) வாங்கத் தோன்றும். தேவையில்லை. கிராப்ளர் ஃபீட் பிடிபட்டவன்மேல் ஏற்கெனவே அட்வான்டேஜ் தருகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுப்பானேன்.

புனித வீரன் வகுப்பான பாலடினைப் பற்றியும் ஒரு வரி: அதன் டிவைன் ஸ்மைட் (அடியோடு சேரும் தெய்வீக டேமேஜ்) இப்போது குத்திலும் வேலை செய்யும். ஆனால் அது போனஸ் ஆக்‌ஷன் மந்திரம், ரேஜில் மந்திரம் போட முடியாது, கரிஸ்மா (ஆளுமை) 13 வேறு வேண்டும்.

கட்டும் வரிசைக்கு வருவோம். பங்கிட்டு வாங்கும் 27 புள்ளியில் ஸ்ட்ரெங்த் 15, டெக்ஸ் 13, கான் (உடலுறுதி) 14, இன்ட் (அறிவு) 9, விஸ் 13, கரிஸ்மா 8. பின்னணிக்கு சைலர் (மாலுமி): ஸ்ட்ரெங்த்தில் 2, டெக்ஸில் 1 ஏற்றினால் 17-ம் 14-ம். கூடவே டேவர்ன் ப்ராலர் ஃபீட் வரும். அதன் டி4 நமக்கு வீண். டேமேஜ் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதுதான் ஆதாயம், டி8-இன் சராசரி 4.5-இலிருந்து 4.94 ஆகும். அதே ஃபீட்டில் 5 அடி தள்ளும் வசதியும் இருக்கிறது. பிடித்திருப்பவன்மேல் அதைப் பயன்படுத்தாதீர்கள். கை எட்டும் தூரத்தைத் தாண்டிப்போனால் பிடி விட்டுப்போகும். இனத்துக்கு கோலியத் (ராட்சத வம்சம்) எடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

முதல் லெவல் கட்டாயம் ஃபைட்டர். கான் சேவும் அதோடு வந்துவிடும். தொடக்கப் பொருளில் செயின் மெயில் உள்ள முதல் தொகுப்பைத் தொடாதீர்கள். அது ஹெவி ஆர்மர், ரேஜ் வராது. 155 தங்கம் தரும் தொகுப்பை எடுத்து ஸ்கேல் மெயில் 50, கேடயம் 10, ஐந்து ஜாவலின் (எறி ஈட்டி) இரண்டரைத் தங்கம் என்று வாங்கினால் கேடயத்தோடு ஏசி 18. கேடயத்தால் டி8 டி6 ஆகும், ஒரு குத்துக்கு ஏறக்குறைய 1 புள்ளி நட்டம். பதிலுக்கு ஏசி 2 கூடும். முன்வரிசையில் நிற்பவனுக்கு இதைவிட மலிவான பேரம் இல்லை. ஜாவலின் பறக்கும் எதிரிகளுக்கு. ஃபைட்டருக்கு வரும் வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்துக்குரிய சிறப்புத் திறன்) குத்துக்குச் செல்லாது, அதில் ஒன்றையாவது ஜாவலினில் போடுங்கள்.

4-ஆம் லெவலில் கிராப்ளர், ஸ்ட்ரெங்த் 18. 5-ஆம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக். அதற்கு முன் கிளாஸ் மாறினால் இரண்டாவது அடி ஒரு லெவல் தள்ளிப்போகும். ஆர்வக்கோளாறில் பலரும் செய்யும் தவறு. 6-இல் பார்பேரியன், பிறகு மீண்டும் ஃபைட்டர். சப்கிளாஸ் (வகுப்பின் உட்பிரிவு) பேட்டில் மாஸ்டர். அதன் ட்ரிப் அட்டாக் (காலை வாரும் உத்தி) குத்திலும் வேலை செய்யும்.

ஒரு ரவுண்டை நெருங்கிப் பார்த்தால்: முதல் குத்து பட்டதும் கிராப்ளர் தரும் வசதியால் டேமேஜோடு பிடியும் போடலாம், முறைக்கு ஒரு தடவை. 6-ஆம் லெவலில் டிசி 15. ஓகர் என்ற அரக்கனின் ஸ்ட்ரெங்த் சேவ் +4, ஆக பாதிக்குப் பாதி மாட்டும். மாட்டினால் இரண்டாவது அடியைக் குத்தாக்காமல் கீழே தள்ளப் பயன்படுத்துங்கள். விழுந்தவன் எழுவதற்குப் பாதி வேகம் செலவாக வேண்டும், பிடிபட்டவனுக்கோ வேகம் 0. எழவே முடியாது. விழுந்து கிடப்பதால் அவன் அடிப்பதெல்லாம் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது). பிடியை உடைக்க ஒரு முழு ஆக்‌ஷன் செலவிட வேண்டும். அடுத்த முறை, ஏசி 15 எதிரி என்றால் உங்கள் அடி உருட்டின் +7-க்கு 65 சதவீதமாக இருந்த வாய்ப்பு அட்வான்டேஜால் 88 ஆகும். உடும்புப் பிடி என்றால் இதுதான். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையிலும் இரண்டு பேரைப் பிடிக்கலாம். உதையும் தலைமுட்டும் வெறுங்கை அடியில் சேர்த்தி என்று விதி சொல்வதால் டி8 அப்படியே இருக்கும்.

இது எங்கே சறுக்கும் என்றால், முதலில் உங்கள் கட்சி வில்லாளியிடம். கீழே கிடப்பவனை 5 அடிக்கு அப்பாலிருந்து எய்தால் அவருக்கு டிஸ்அட்வான்டேஜ். வில்லாளி உள்ள குழுவில் பிடித்தால் போதும், வீழ்த்த வேண்டாம். அடுத்து, மிஸ்டி ஸ்டெப் (இடம்விட்டு இடம் தாவும் மந்திரம்) போடுபவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். நீங்கள் மயங்கினாலும் பிடி விடும். மூன்றாவது அளவு: உங்களைவிட ஒரு படி பெரியவன் வரைதான் பிடிக்க முடியும். ஓகர் லார்ஜ் (உங்களுக்கு அடுத்த படி), சரி; ஹில் ஜயன்ட் ஹ்யூஜ் (அதற்கும் அடுத்தது), கை எட்டாது. கோலியத் 5-ஆம் லெவலிலிருந்து நாளுக்கு ஒரு முறை 10 நிமிடம் லார்ஜ் ஆக முடியும் என்பதால் ஜயன்டும் பிடிக்குள் வந்துவிடும். அதற்கும் ரேஜுக்கும் தனித்தனி போனஸ் ஆக்‌ஷன். கதவைத் திறக்கும் முன்பே ஒன்றை முடித்துவிடுங்கள்.

குழுவில் ட்ரூயிடோ ரேஞ்சரோ இருந்து ஸ்பைக் க்ரோத் (தரையை முள்ளாக்கும் மந்திரம்) போட்டால் குத்தவே வேண்டாம். பிடித்தவனை அந்த முள்தரையின் ஓரமாகவே இழுத்துக்கொண்டு நடந்தால் தேங்காய் துருவுவதுதான். 5 அடிக்கு 2டி4; 30 அடி இழுத்தால் 12டி4, சராசரி 30. உங்கள் அளவோ சிறியவனோ என்றால் கிராப்ளர் இழுவைச் செலவையும் நீக்கிவிடும். நீங்கள் முள்ளுக்கு வெளியே நடக்கிறீர்களா என்பதை மட்டும் வரைபடத்தில் காட்டி டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

49.99 கொடுக்கும் முன் ஒன்று. 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2 (அடிப்படை விதித் தொகுப்பு) இலவசம், ஃபைட்டர், பார்பேரியன், மங்க், பிடி விதிகள், கிராப்ளர் ஃபீட் எல்லாம் அதிலேயே உண்டு. அன்ஆர்ம்ட் ஃபைட்டிங்கும் டேவர்ன் ப்ராலரும் பேட்டில் மாஸ்டரும் அதில் இல்லை. பிடித்து வீழ்த்தும் ஆட்டம் உங்கள் மேசைக்கு ஒத்துவருமா என்று ஒரு கையில் லாங்ஸ்வோர்ட், மறு கை காலி என்ற சாதாரண ஃபைட்டரை வைத்து அதிலேயே நாலு செஷன் ஆடிப் பார்க்கலாம். அந்த டி8 வேண்டுமென்றால் மட்டும் புத்தகம்.