கோத்தகிரி வீட்டில் டேட்டாபேஸ், கோவையில் கணக்கு வேலை: 2021 முதல் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வீட்டில் ஒரு சின்னக் கணினியில் டேட்டாபேஸை வைத்து, வெளியூரிலிருந்து இணையம் வழியாக அதில் வேலை செய்வது நம்பகமான ஏற்பாடுதானா என்று பலர் கேட்கிறார்கள். 2021 முதல் நாங்கள் இப்படித்தான் ஓட்டுகிறோம். நம்பலாம். ஒரே நிபந்தனை, டேட்டாபேஸின் போர்ட்டை (வெளி இணைப்பு உள்ளே வரும் வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் இடம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் தேவை இது. கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கி, தொழிற்சாலைக்கு அனுப்புகிறோம். யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், முன்பணம், உரத்துக்கான பிடித்தம், தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலை என எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. எடை பதிவாவது இங்கே. மாதக் கணக்கை முடித்துப் பட்டியல் போடுவது கோவையில் இருக்கும் தம்பி. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களும் கடன் பாக்கியும் அதற்குள் இருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரரின் கடன் நிலவரம் நம் அலட்சியத்தால் வெளியே போனால், நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

முதல் தடை மலையில் பலருக்கும் வருவதுதான். எங்கள் ஊர் ஃபைபர் இணைப்பில் தனிப் பொது ஐபி முகவரி கிடையாது. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் சி.ஜி.நாட் முறை. உங்கள் வீட்டில் என்ன நிலை என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைய) பக்கத்தில் உள்ள முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் அதுதான். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. இந்த நிலையில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வாசலைத் திறந்தாலும், மாறும் முகவரிக்கு நிலையான பெயர் தரும் டைனமிக் டி.என்.எஸ். வைத்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு வீடு வரை வராது. கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம் என்பார்கள். வாங்கினாலும் அதில் போஸ்ட்கிரெஸ் காது கொடுக்கும் 5432 போர்ட்டைத் திறப்பதற்கு நான் எதிரிதான்.

காரணத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாடகைக்கு எடுத்த ஒரு வி.பி.எஸ். (இணையத்தில் எப்போதும் இருக்கும் மெய்நிகர் சர்வர்) கணினியில், உள்ளே ஒன்றுமே இல்லாத போஸ்ட்கிரெஸ் ஒன்றை வேண்டுமென்றே திறந்து வைத்து, காலையில் பதிவுக் கோப்பைப் படித்தேன். முகவரியை யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. ஆனாலும் கடவுச்சொல் தவறு, கடவுச்சொல் தவறு என்று வரிவரியாக நிற்கிறது. முதலில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் முயற்சி, அப்புறம் அட்மின், அப்புறம் டெஸ்ட். நம்மைத் தேடி யாரும் வரவில்லை. இணையம் முழுவதையும் இயந்திரங்கள் துழாவிக்கொண்டே இருக்கின்றன. 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த மோங்கோ டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பிட்காயின் கேட்டு மிரட்டல் குறிப்பு வைக்கப்பட்டதும் இந்த வழியில்தான்.

சரி, நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. டேட்டாபேஸ் இருப்பது ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில். தகவல் முழுக்க யு.எஸ்.பி. வழி எஸ்.எஸ்.டி.யில், ஓயாமல் எழுதும் டேட்டாபேஸுக்கு மெமரி கார்டு தாங்காது. வீட்டுக் கணினியும் தம்பியின் மடிக்கணினியும் வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட டனல் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை) வழியாக அந்த வி.பி.எஸ்.ஸில் சந்திக்கின்றன. வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்புதான் என்பதால் சி.ஜி.நாட் ஒரு தடையே இல்லை. வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் 5.6-லேயே சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. துழாவ வரும் இயந்திரத்துக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டுப் பக்கம் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் தகவல் பொட்டலம் அனுப்பும்படி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் நடுவில் இருக்கும் நாட் இணைப்பை மறந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அமைப்பில் வி.பி.எஸ். ஒரு பக்கத்து மறையாக்கத்தை அவிழ்த்து, மறுபக்கத்துக்குப் புதிதாக மறையாக்கி அனுப்புகிறது. அதாவது அந்த வாடகைக் கணினிக்குள் நுழைந்தவர் தகவலைப் பார்க்க முடியும். அதனால் டனல் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், போஸ்ட்கிரெஸ் இணைப்புக்கும் தனியாக டி.எல்.எஸ். மறையாக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். சர்வரின் சான்றிதழைத் தம்பியின் கணினி ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகுதான் உள்ளே போகிறது. டேட்டாபேஸ் டனல் முகவரியில் மட்டும் காது கொடுக்கிறது. தணிக்கையாளருக்குப் படிக்கும் உரிமை மட்டும். எடைக் களத்தில் இருக்கும் போனுக்குப் புதிய வரி சேர்க்கும் உரிமை மட்டும்.

ஆரம்ப மாதங்களில் எங்களை அதிகம் அலைக்கழித்தது ஒரு விசித்திரமான கோளாறு. தம்பி போனில் கூப்பிடுவான். "ணா, லாகின் ஆகுது, ஒரு ஆளோட கணக்கு வருது. மாசப் பட்டியலைத் தொறந்தா அப்படியே நிக்குது."

கடவுச்சொல் சரி, டேட்டாபேஸ் சரி, பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் சோதனை) போனால் பதில் வருகிறது. வீட்டுக்குள்ளிருந்து அதே பட்டியலைத் திறந்தால் உடனே வருகிறது. அவன் மொபைல் டேட்டாவில் இருக்கும்போதுதான் நிற்கிறது என்று பிடித்த பிறகே விஷயம் விளங்கியது. வயர்கார்டு பொதுவாக 1420 பைட் அளவு வரை பொட்டலம் கட்டும். வழியில் ஏதோ ஓரிடம் அவ்வளவு பெரியதைத் தாங்காமல், சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. சின்னக் கேள்வி, சின்னப் பதில் எல்லாம் போய் வரும். நீளமான பதில் மட்டும் வராது. இரு முனையிலும் எம்.டி.யூ. என்ற அதிகபட்சப் பொட்டல அளவை 1280 ஆகக் குறைத்தோம். அன்றோடு தீர்ந்தது. லாகின் ஆகி, பெரிய பட்டியல் மட்டும் தொங்குகிறது என்றால் டேட்டாபேஸைக் குடையாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்.

வேகம் பற்றி: ஒவ்வொரு கேள்வியும் கோவையிலிருந்து வி.பி.எஸ். போய், மலையேறி, திரும்பி வர வேண்டும். ஒரு பட்டியலுக்கு விவசாயிக்கு ஒரு கேள்வி என்று நூற்றுக்கணக்கில் கேட்கும் மென்பொருள் இதில் நகராது. அதையே ஒரே கேள்வியாக இணைத்து எழுதினால் வித்தியாசம் தெரியாது. தம்பியின் மாதப் பட்டியலை அப்படி மாற்றி எழுதிய பிறகு வேகம் பற்றிப் பேச்சே வரவில்லை.

எடைக் களத்தில் சிக்னல் வரும், போகும். அதனால் போனில் இருக்கும் செயலி முதலில் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்போது அனுப்புகிறது. ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாகிவிடும். அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் பேசாமல் ஒதுக்கிவிடும். ஒருவருடைய இலை இரண்டு தடவை ஏறுவதும் இல்லை, விடுபடுவதும் இல்லை. விவசாயி கையில் இருக்கும் சீட்டும் எங்கள் கணக்கும் ஒத்துப்போவது இந்த ஒரு ஏற்பாட்டால்தான்.

இனி மின்சாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கற்பூர மரக் கிளை முறிந்து விழுந்தால் போதும், கரண்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும். இரண்டும் ஒரே கம்பத்தில்தான் வருகின்றன. வீட்டு இன்வெர்ட்டர் பை கணினியைப் பார்த்துக்கொள்கிறது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனியாக 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். வைத்திருக்கிறோம். ஆனால் நம் வீட்டில் கரண்ட் இருந்தால் மட்டும் போதாது. தெருமுனையில் இருக்கும் இணைப்புக்காரரின் பெட்டியில் பேட்டரி தீர்ந்தால் நம் பெட்டி பச்சை விளக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்காக ஒரு 4ஜி டாங்கிளும் உண்டு. ஃபைபரிலிருந்து 4ஜிக்கு மாறும்போது வீட்டின் முகவரி மாறினாலும் டனல் அறுவதில்லை. வயர்கார்டு ஆளை அடையாளம் காண்பது சாவியை வைத்து, முகவரியை வைத்து அல்ல. பாதியில் ஓடிக்கொண்டிருந்த வேலைகூடக் கொஞ்சம் திணறிவிட்டுத் தொடரும்.

திடீரென்று கணினியே அணைந்தாலும், போஸ்ட்கிரெஸ் எதையும் முதலில் வால் (WAL) என்ற மாற்றப் பதிவில் எழுதிவிட்டுத்தான் முடிந்தது என்று சொல்லும் என்பதால், மறுபடி எழும்போது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. எழுதியது வட்டில் உறுதியாகப் பதிவதைப் பார்த்துக்கொள்ளும் எஃப்சிங்க் அமைப்பை வேகத்துக்காக அணைக்கச் சொல்லும் ஆலோசனையை மலையில் இருப்பவர்கள் கேட்கவே வேண்டாம். பனிமூட்ட ஈரத்துக்குப் பயந்து கணினியை அணைத்து வைப்பவர்களும் உண்டு. எங்கள் அனுபவத்தில் எப்போதும் ஓடும் பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்து இருக்கிறது.

காப்புநகல் தினமும் இரவில் எடுத்து, மறையாக்கி, கோவைக்குப் போகிறது. தம்பி அதை மாதம் ஒருமுறை தன் கணினியில் விரித்து, யாராவது ஒருவருடைய மொத்தத்தை எடுத்து, இங்கிருக்கும் கணக்கோடு ஒப்பிடுவான். விரித்துப் பார்க்காத நகலை நகல் என்றே நான் எண்ணுவதில்லை.

பராமரிப்பில் பெரிய வேலை பதிப்பு மாற்றம்தான். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. நாங்கள் தொடங்கிய 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரில் அது முடிந்தது. அதற்கு முன்பே முழுசாக இறக்கி 17-இல் ஏற்றிவிட்டோம். எங்கள் அளவு டேட்டாபேஸுக்கு ஒரு ஞாயிறு மதியம் போதுமானதாக இருந்தது.

வி.பி.எஸ்.ஸைப் பராமரிக்க நேரமில்லை, லினக்ஸ் கட்டளைகள் பழக்கமில்லை என்றால் டெயில்ஸ்கேல் என்ற சேவையில் தொடங்கலாம். அதுவும் உள்ளே வயர்கார்டுதான். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் உண்டு. முடிந்தவரை இரு முனையையும் நேரடியாக இணைக்கும். முடியாதபோது அவர்களுடைய இடைக் கணினி வழியாகப் போனாலும், நடுவில் யாரும் படிக்க முடியாது. குன்னூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அதைத்தான் அமைத்துக் கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது. யாரை எதனோடு இணைப்பது என்ற முடிவு இன்னொருவர் கையில் இருக்க வேண்டாம் என்பதால் நாங்கள் சொந்த வி.பி.எஸ்.ஸிலேயே இருக்கிறோம், அதற்கு ஆகும் மாதம் சில நூறு ரூபாயை இலை ஏற்றும் வண்டியின் டீசல் செலவோடு சேர்த்து எழுதிவிடுகிறோம்.