ஆறு வருடமாக வாரம் ஒரு கட்டு ரோஜா

கோயம்பேட்டில் வாரம் ஒரு கட்டு ஓசூர் ரோஜா வாங்கி ஜாடியில் வைக்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. ஆரம்பத்தில் மூன்றாம் நாளே தலை தொங்கிவிடும். இதழ் வாடியிருக்காது, நிறமும் மங்கியிருக்காது. கழுத்து மட்டும் சாய்ந்துவிடும். பார்க்கவே மனசு கேட்காது. இப்போது அதே பூ ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது. மே மாத வெயிலில் மட்டும் ஐந்து நாள்.

யார் என்ன சொன்னாலும் செய்து பார்த்தேன். செப்புக் காசால் ஒரு பலனும் இல்லை. ஆஸ்பிரின் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். வெறும் சர்க்கரை போட்ட வாரம்தான் மகா மோசம். மறுநாளே தண்ணீர் கலங்கி, காம்பெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் சாகிறது. தண்ணீரில் பெருகும் பாக்டீரியா காம்பின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. சர்க்கரை பூவுக்கு உணவு என்பது சரிதான், கிருமிக்கும் அதுதானே உணவு!

அன்றிலிருந்து ஜாடியைச் சாப்பாட்டுப் பாத்திரம் போலவே சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். என் அனுபவத்தில் பாதி ஆயுள் இதிலேயே கூடிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் கால் டீஸ்பூன் திரவ பிளீச்சைக் கரைத்துவிட்டு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சம் சாறு சேர்ப்பேன். பிளீச்சையும் சாற்றையும் தண்ணீரில்லாமல் நேராகக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். காம்பைக் கூர்மையான கத்தியால் சாய்வாக, ஓர் அங்குலம் வெட்டுவேன். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். தண்ணீரில் ஒரு இலைகூட முங்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றி, நுனியைக் கொஞ்சம் நறுக்குவேன்.

ஜெர்பெராவுக்கு நாலு விரல்கடைத் தண்ணீர் போதும், அதிகமானால் தண்டு அழுகும். கார்னேஷனைப் பழத்தட்டின் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பட்டு, நீலகிரியிலிருந்து வந்த ஒரு கட்டு எனக்கு ஒரே இரவில் இதழ் சுருண்டு போனது.

தலை சாய்ந்த ரோஜாவை உடனே தூக்கிப் போட வேண்டாம். நுனியை நறுக்கி, கழுத்து நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள வாளியில் கழுத்தளவு ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். சாய்ந்த அன்றே செய்தால் எனக்குப் பாதிக்கு மேல் நிமிர்ந்துவிடுகின்றன. மறுநாள் என்று விட்டவை ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.