பொம்மை வீடா, நாணயத்து வீடா?

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பேர். மாதம் ஒரு புத்தகம். போன மாதத்துக்கு ‘ஊர் திரும்புதல்’ என்று தலைப்பு வைத்தோம். அமெரிக்கத் தெற்கிலிருந்து ஒரு குடும்ப மர்மக் கதை எடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எஸ்.ஏ. காஸ்பியின் ‘ஆல் த சின்னர்ஸ் பிளீட்’ முதலில் பட்டியலில் இருந்தது. குழந்தைகளுக்கு நேரும் கொடுமையை எங்களில் இருவரால் தாங்க முடியாது என்பதால் அதை எடுத்துவிட்டேன். மிஞ்சியவை இரண்டு: கில்லியன் ஃப்ளின்னின் ‘ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்’ (2006), அட்டிகா லாக்கின் ‘புளூபேர்ட், புளூபேர்ட்’ (2017). நான் லாக்கை எடுத்தேன். வட்டத்தில் நான்கு பேர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. கொலையாளி யார் என்பதை இங்கே எங்கும் சொல்லப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

விருது, பக்கக் கணக்கு இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். ஃப்ளின்னின் நாவலுக்கு 2007இல் குற்றப் புனைவுக்கான பிரிட்டனின் டாகர் விருதுகள் இரண்டு கிடைத்தன. லாக்குக்கு 2018இல் அதே வகைக்கான அமெரிக்காவின் எட்கர் விருது. முன்னது 250 பக்கம், பின்னது 300 பக்கத்தை ஒட்டி வரும். ஃப்ளின்னைத் தொலைக்காட்சித் தொடராகவும் பார்க்கலாம்; 2018இல் எட்டுப் பகுதிகளாக வந்தது. நடிப்பு அபாரம்.

விறுவிறுப்பில் ஃப்ளின்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிகாகோ நிருபர் கமில், இரண்டு சிறுமிகளுக்கு நேர்ந்ததை எழுதுவதற்காக மிசூரி மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் சொந்த ஊரான விண்ட் கேப்புக்கு அனுப்பப்படுகிறாள். தங்குவது அம்மாவின் வீட்டில். அம்மா அடோரா பன்றி இறைச்சித் தொழிலின் முதலாளி, ஊரே மதிக்கும் சீமாட்டி. மனம் கலங்கினால் தன் கண்ணிமை மயிரைப் பிடுங்குவாள். பதின்மூன்று வயதுத் தங்கையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் தமிழ்க் கண் ‘அம்மா’ என்றுதான் வாசிக்கும். ‘அம்மா கத்தினாள், அம்மா சமாதானப்படுத்தினாள்’ என்று முதல் ஐம்பது பக்கம் நான் தடுமாறியது கொஞ்சமல்ல. நாவலாசிரியர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் தாயா மகளா என்று குழம்பித் தவிப்பது அந்த வீட்டுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

அந்தத் தங்கையிடம் ஒரு பொம்மை வீடு உண்டு. அவர்கள் குடியிருக்கும் மாளிகையின் அச்சு அசலான நகல். வரவழைத்த குட்டிச் சாப்பாட்டு மேசை அளவு தப்பிவிட்டது என்று அவள் வெறிபிடித்தவள்போல் ஆடும் காட்சியை முதல் முறை செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளையின் அடம் என்று கடந்துபோனேன். முடிவு தெரிந்தபின் திரும்பப் படித்தால் குளிரெடுக்கிறது. மறுவாசிப்பில் ஃப்ளின்தான் ஜெயிக்கிறார், மறுக்கவில்லை.

பிறகு ஏன் லாக்? நான் வைத்த சோதனை ஒன்றுதான்: ஊரைப் பிடுங்கி வேறு மண்ணில் நட்டால் கதை பிழைக்குமா? ஊர் திரும்புவதைப் பற்றிய கதை என்றால் அந்த ஊர் இல்லாமல் கொலையே நடந்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. விண்ட் கேப்பைத் தூக்கி வடக்கே அயோவாவில் வைத்துப் பாருங்கள். புழுக்கம் குறையும், வராந்தா மறையும், பேச்சின் இழுவை போகும். அடோரா அப்படியே இருப்பாள். அவளுடைய நோய்க்கு ஊர் தேவையில்லை, ஒரு மாடிப்படியும் சாத்திய கதவும் போதும். மிசூரி தெற்குதானா என்பதே வாதத்துக்குரியது. அடிமை முறையை வைத்திருந்த மாநிலம், ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பல தென் மாநிலங்களைப்போல் ஒன்றியத்தை விட்டுப் பிரியவில்லை.

லாக்கின் கதை நடப்பது கிழக்கு டெக்சாஸின் ஷெல்பி கவுண்டியில், நெடுஞ்சாலை 59இன் ஓரத்தில், லார்க் என்ற கற்பனைச் சிற்றூரில். சாலை நிஜம். ஹூஸ்டன் வழியாக லஃப்கின், நாகடோச்சஸ், டெக்சர்கானா என்று வடக்கே போகிறது. லார்க்கில் ஆற்றோரம் இரண்டு உடல்கள் கிடைக்கின்றன. முதலில் சிகாகோவிலிருந்து வந்த கறுப்பின வழக்கறிஞர், சில நாள் கழித்து உள்ளூர் வெள்ளைக்காரப் பெண். விசாரிக்க வரும் டேரன் மேத்யூஸ் கறுப்பின டெக்சாஸ் ரேஞ்சர், அதாவது மாநிலத்தின் சிறப்புப் புலனாய்வுப் படைக்காரன், அதுவும் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டவன். அவன் கண்ணில் முதலில் படுவது இந்த வரிசைதான். தெற்கின் பழைய கணக்கில் வெள்ளைக்காரப் பெண் முதலில் சாவாள், பழி தீர்க்கக் கறுப்பின ஆண் ஒருவன் பிறகு கொல்லப்படுவான். இங்கே தலைகீழ். அந்தக் கணக்கு தெரியாத மண்ணில் இந்தப் புதிரே எழாது.

ரேஞ்சர் என்ற சொல்லுக்கும் அங்கே கனம் வேறு. தன் தொடக்கத்தை 1823 என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் படையில், நவீன காலத்தின் முதல் கறுப்பின ரேஞ்சர் சேர்ந்தது 1988இல். 1998இல் ஜாஸ்பரில் ஜேம்ஸ் பர்ட் என்ற கறுப்பினத்தவரை வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றார்கள், நடந்த சம்பவம். டேரன் சட்டப் படிப்பை விட்டு ஊர் திரும்பியது அதற்குப் பிறகு. அவனை வளர்த்த, அப்பாவோடு பிறந்தவர்கள் நிலத்தை விட்டு அசையாதவர்கள். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். போனவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். ‘இது எங்கள் பூர்வீகம், நாங்கள் ஏன் போகவேண்டும்?’ என்று இருந்துவிட்டவர்களை நான் சந்தித்தது இந்த நாவலில்தான்.

முதல் காட்சியில் ஜெனிவா என்ற மூதாட்டி, ஆரஞ்சு நிற மின்கம்பியைக் கல்லறைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகிறாள். கணவனும் மகனும் அங்கே இருக்கிறார்கள். பிழைப்புக்குச் சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிர்ப்புறம் அந்த ஊர்ப் பணக்கார வெள்ளைக்காரனின் வீடு, மான்டிசெல்லோவின் நகல். இங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். ஃப்ளின்னிடம் ஒரு நகல் வீடு, லாக்கிடமும் ஒரு நகல் வீடு!

மான்டிசெல்லோ வர்ஜீனியாவில் அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய மாளிகை. ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனர் ஒருமுறை மேசையில் விட்டுப்போன ஐந்து சென்ட் நாணயம் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் ஜெஃபர்சன், மறுபக்கம் குவிமாடத்தோடு அந்த வீடு, கீழே பொடி எழுத்தில் அதன் பெயர். 1938இலிருந்து அப்படித்தான், இடையில் ஓரிரு ஆண்டுகள் தவிர. மனிதர் எல்லோரும் சமம் என்று 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அந்த வீட்டின் நகல், கறுப்பினக் கிழவியின் கடையை நாள் முழுக்க முறைத்துக்கொண்டு நிற்கிறது. சாலையின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எப்படிச் சொந்தம் என்பதுதான் லாக்கின் குடும்ப மர்மம். பொம்மை வீட்டுக்குள் ஒரு குடும்பம்தான் இருக்கிறது. இந்த வீட்டுக்குள் ஒரு நாடே இருக்கிறது.

வட்டத்தில் எழுந்த எதிர்ப்புகளையும் சொல்லவேண்டும். ‘இது ஊர் திரும்பும் கதையே இல்லை, டேரனின் ஊர் லார்க் கிடையாதே’ என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பாதி உண்மை. திரும்பி வந்தவன் டேரன் இல்லை, செத்தவன். ஒரு பழைய கிதாரோடு வந்தான். அதை யாரிடம் சேர்க்க வந்தான் என்று தெரியும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, அவருக்கு அடைக்கவில்லையாம். டேரனின் இல்லறச் சிக்கல் இழுவை என்றார் இன்னொருவர். அது சரிதான். கடைசிப் பக்கங்களில் டேரனின் தாயைக் கொண்டுவந்து ‘தொடரும்’ போட்டதும் எனக்கு உறுத்தியது. ஃப்ளின்னுக்கும் இந்த வியாதி வேறு வடிவில் உண்டு: ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்போல் கடைசிச் சில பக்கங்களில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்.

அந்தத் ‘தொடரும்’ 2019இலும் 2024இலும் இரண்டு நாவல்களாக வந்து முடிந்திருக்கிறது. இரண்டிலுமே தலைப்பில் ‘வீடு’ உண்டு. மூன்றாவதை நான் இன்னும் படிக்கவில்லை. ஆகவே தாயின் கதை சரியாக முடிகிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் எனக்குப் பிடிபடாத விஷயம். தலைப்பே ஜான் லீ ஹூக்கரின் பாட்டிலிருந்து வந்தது. கேட்டேன், பிடித்தது, அதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. டெக்சாஸ் பேச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

ஒரே இரவில் முடிக்க ஒன்று வேண்டும், தாய் மகள் உறவின் இருட்டு உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் ஃப்ளின்னை எடுங்கள். உடலைக் கீறிக்கொள்ளும் பழக்கம் அதில் விலாவாரியாக வருகிறது, அது மட்டும் எச்சரிக்கை. மற்றபடி என் ஓட்டு லாக்குக்கு. கூட்டம் முடிந்ததும் என் ‘ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்’ பிரதியை ஒருவர் இரவல் வாங்கிப்போனார். இப்போது அது மூன்றாவது கையில் இருக்கிறது. நாணயத்தைத் தலைமையாசிரியை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ‘வாசலில் ஆளே இல்லையே’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.