பச்சை ஆறா, தெற்குப் பக்க ஊர்வலமா? பிள்ளைகளோடு சிகாகோ செயின்ட் பேட்ரிக்ஸ் டே

அயர்லாந்துக்காரர்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக்ஸ் டே மார்ச் 17. அது வாரநாளில் வந்தால், சிகாகோவில் கொண்டாட்டம் அதற்கு முந்தைய சனி, ஞாயிறுக்கே வந்துவிடும். இரண்டு நாளும் அலைந்தால் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை ஜலதோஷம்தான். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்லாரும் முதலில் கேட்பது பச்சையாக மாறும் சிகாகோ ஆற்றைத்தான். சனிக்கிழமை காலை 10 மணிவாக்கில் பிளம்பர்கள் சங்கத்தார் படகில் வந்து சாயம் போடுகிறார்கள். 1962-இல் ஆரம்பித்த வழக்கம். கழிவுநீர் எந்தக் குழாய் வழியாக ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்திய சாயம், கொண்டாட்டச் சாயமாகிவிட்டது. முதல் வருடம் 100 பவுண்டு கொட்டியதில் ஒரு வாரம் ஆறு பச்சையாகவே கிடந்ததாம். இப்போது தாவரச் சாயம், அதுவும் 40 பவுண்டு அளவில்தான்.

சாயப் பொடியின் நிறம் ஆரஞ்சு! மாவு சலிக்கிற சல்லடையால் படகிலிருந்து தூவுகிறார்கள். பின்னாலேயே இன்னொரு சின்னப் படகு வளைந்து வளைந்து ஓடித் தண்ணீரைக் கலக்குகிறது. ஆரஞ்சுத் திட்டு கண்ணெதிரே பச்சையாகிறது. "எப்படிப்பா?" என்றான் என் பையன். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அது மாதிரி ஏதோ என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக ஒன்றரை மணி நேரம் அவனைத் தோளில் சுமந்தேன். பாலத்துக் கம்பி ஓரத்தில் இடம் பிடிக்கவில்லை என்றால் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் ஜாக்கெட் மட்டும். ஸ்ட்ரோலரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூவுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றில்லையா? மத்தியானத்துக்கு மேல் போங்கள். பச்சை உடனே போய்விடாது, கூட்டம்தான் கொஞ்சம் கரையும்.

அன்றைக்கே பகல் 12:15-க்குக் கொலம்பஸ் டிரைவில் பெரிய ஊர்வலம். பேக்பைப் எனும் பை வைத்த ஊதுகுழல் வாசிக்கும் குழுக்கள், ஐரிஷ் நடனப் பள்ளிகள், கையாட்டிக்கொண்டு போகும் அரசியல்வாதிகள் என்று நீளமாகப் போகும். ஆற்றையும் இதையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்க நான் சொல்லமாட்டேன். நடுவில் இரண்டு மணி நேரம் ஏரிக்காற்றில் நிற்க வேண்டும். பச்சைச் சட்டையில் காலையிலேயே குடித்துவிட்டுத் தள்ளாடும் இளவட்டங்களும் டவுன்டவுனில் தாராளம்.

என் ஓட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு. தெற்குப் பக்கம் வெஸ்டர்ன் அவென்யூவில் 103-ஆம் தெருவிலிருந்து 115 வரை நடக்கிற ஊர்வலம் பிள்ளைகளால் பிறந்தது. 1979-இல் பெவர்லி, மார்கன் பார்க் பக்கத்துக் குழந்தைகள் 17 பேர் தங்கள் தெருக்களையே சுற்றி வந்தார்கள். அது வளர்ந்து, 2009-இல் குடியும் கூட்டமும் அளவு மீறி, இரண்டு வருடம் நின்றேபோனது. 2012-இல் திரும்பியபோது மதுவுக்குக் கறாரான தடையோடு வந்தது. அந்தக் கறார்தான் நமக்கு லாபம். வீட்டு வாசலில் மடக்கு நாற்காலி போட்டுத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். என் பையனின் குல்லாய் நிறைய மிட்டாய் சேர்ந்தது. காரைத் தூரத்தில் விட்டு நடக்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

நடை பழகும் குழந்தை என்றால், அதே ஞாயிறு வடமேற்கில் நார்வுட் பார்க் ஊர்வலம் இன்னும் சுலபம். டவுன்டவுன் அளவுக்குப் பிரமாண்டம் இல்லை, நெரிசலும் இல்லை.

மழையோ பனியோ வந்தால் நார்த் நாக்ஸ் அவென்யூவில் உள்ள ஐரிஷ் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் சென்டர். பழைய கல்லூரிக் கட்டடம். இசை, நடனம் எல்லாம் கூரைக்குக் கீழே. விழா நாளுக்கு டிக்கெட் உண்டு, எந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நடனக்காரச் சிறுமிகள் மேடையில் குதிகாலால் தட்டுவதைப் பத்தடி தூரத்தில் பார்த்த என் பையன், வீட்டு மரத்தரையில் ஒரு வாரம் தட்டிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது நான்.