டிரோனாவின் சேற்றில் ஹாங்க்சைட்: ஜெம்-ஓ-ரமா களப்பயணம், ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில், டிரோனா என்னும் சிற்றூரை ஒட்டிக் கிடக்கும் சியர்ல்ஸ் ஏரியில் பெரும்பகுதி வறண்ட உப்புத்தரைதான். அதன் அடியிலுள்ள உப்புநீரிலிருந்து போராக்ஸும் (வெண்காரம்) சோடா உப்பும் எடுக்கும் தொழில் நடப்பதால் பொதுமக்கள் அங்கே நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஒரு வார இறுதியில் மட்டும், சியர்ல்ஸ் ஏரி ரத்தினக்கல் மற்றும் கனிமச் சங்கம் நடத்தும் ஜெம்-ஓ-ரமா நிகழ்வுக்காக, கட்டணம் செலுத்தி வருவோருக்கு ஏரி திறந்துவிடப்படுகிறது. உப்புக் கனிமங்களைச் சேகரிப்பவர்களுக்கு இதற்கு நிகரான வாய்ப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே தேட வேண்டிய கனிமம் ஹாங்க்சைட். 1885இல் விவரிக்கப்பட்டு, கலிஃபோர்னியாவின் முதல் மாநிலக் கனிமவியலாளரான ஹென்றி ஹாங்க்ஸின் பெயரைப் பெற்ற இந்தக் கனிமத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றோடு சல்பேட்டும் கார்பனேட்டும் சேர்ந்தே இருக்கின்றன. அவை இரண்டும் ஒரே படிகத்தில் அமைவது மிக அரிது. உலகில் வேறு சில உப்பேரிகளிலும் இது உண்டு என்றாலும், முழு வடிவம் பெற்ற பெரிய படிகங்களுக்குப் பெயர்பெற்றது சியர்ல்ஸ் ஏரிதான்.

சனிக்கிழமை காலையில் நடப்பது சேற்றுப் பயணம். ஏரியின் அடியிலிருந்து இயந்திரங்கள் முன்கூட்டியே வாரிக் குவித்த கருஞ்சேற்றைக் கையால் துழாவிப் படிகங்களை எடுக்க வேண்டும். அழுகிய முட்டையை ஒத்த வாடை வீசும். உடுத்திய துணி மறுபடி உதவாது. ஆயினும் இந்த வார இறுதியின் சிறந்த பகுதி இதுதான் என்பது என் முடிவு, ஏனெனில் இருபுறமும் முனை கூம்பிய முழுமையான அறுகோணப் படிகங்கள் சேற்றுக்குள்தான் அகப்படுகின்றன. பிற்பகலில் துளையிட்ட குழியிலிருந்து அழுத்தக் காற்றின் விசையால் உப்புநீரும் படிகங்களும் பீறிட்டு வெளிவரும். அங்கே எண்ணிக்கை மிகுதி, ஆனால் மோதி உடைந்தவையும் மிகுதி. ஞாயிற்றுக்கிழமை, உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களால் சிவந்த குட்டைகளில் இளஞ்சிவப்பு ஹாலைட்டை, அதாவது கல்லுப்பை, வெட்டி எடுக்கலாம். பார்வைக்கு அதுவே அழகு. அரிய கனிமம் தேடுவோர் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

அடையாளம் காண்பதைப் பொறுத்தவரை, தெளிவான ஹாங்க்சைட்டைப் புதியவர்கள் குவார்ட்ஸ் என்றே எண்ணிவிடுவார்கள். இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே (2.56, 2.65) என்பதால் கையில் தூக்கிப் பார்ப்பது பயன் தராது. கடினத்தன்மைதான் காட்டிக்கொடுக்கும்: கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, ஹாங்க்சைட்டுக்கு 3 முதல் 3.5 வரை, ஆகவே கத்திமுனை எளிதில் கீறிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் நுரைக்கும். நீண்ட அலை புறஊதா ஒளியில் மங்கலான மஞ்சளாக ஒளிரும். ஹாலைட் கனசதுரமாகவே பிளப்பதால் அதில் குழப்பமில்லை.

எண்முக வடிவச் சிறு படிகங்கள் கண்ணில் பட்டால் அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. அவை சல்போஹாலைட்டாகவோ, நார்த்துப்பைட்டாகவோ, மிக மிக அரிதாக டைக்கைட்டாகவோ இருக்கலாம். சல்போஹாலைட்டில் கார்பனேட் கிடையாது, எனவே அமிலத்தில் நுரைக்காது. மற்ற இரண்டும் நுரைக்கும். நுரைத்ததை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்க்கையில், வெள்ளி நைட்ரேட்டுக்கு வெண்படிவு தந்தால் அது குளோரைடு உள்ள நார்த்துப்பைட். பேரியம் குளோரைடுக்கு வெண்படிவு தந்தால் சல்பேட் உள்ள டைக்கைட். வீட்டில் இச்சோதனைகளைச் செய்வோர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே செய்ய வேண்டும். படிகம் முழுவதையும் பலியிடாமல் ஒரு சிறு துணுக்கே போதும்.

நல்ல படிகத்தை எடுத்தபின் கெடுப்பது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர்தான். இந்தக் கனிமங்கள் அனைத்தும் உப்புநீரில் பிறந்தவை. நன்னீர் பட்டால் ஹாங்க்சைட்டின் கூரிய விளிம்புகள் கரைந்து மழுங்கிவிடும். ஏரியின் உப்புநீரிலேயே நைலான் தூரிகையால் கழுவி, ஈரத்தை உடனே ஒற்றி எடுத்து உலர்த்தி, மெல்லிய கனிம எண்ணெய் பூசி வைப்பது நல்ல வழி. இதற்காகவே ஏரி நீரை ஒரு குடுவையில் வீட்டுக்கும் கொண்டுவர வேண்டும். சேற்றில் போராக்ஸ் படிகம் கிடைத்தால் அதைத் தனியே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் உலர்ந்த காற்றில் நீரை இழந்து வெண்மாவாக மாறிவிடும்.

முழங்கால் வரையிலான ரப்பர் காலணி, தடித்த கையுறை, மூடியுள்ள வாளிகள், குடிநீர் ஆகியவை கட்டாயம். டிரோனாவில் தங்கும் வசதி குறைவு என்பதால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரிட்ஜ்கிரெஸ்ட் நகரில் முன்னதாகவே அறை பிடித்துவிடுவது நல்லது.