லினக்ஸில் எங்கள் மண்டிக் கணக்கு: இரண்டு பொங்கல் அனுபவம்

ஆரணியில் அரிசி மண்டி வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "உன் கடையில விண்டோஸ் இல்லாமலே பழைய பில்லிங் ஓடுதாமே, நானும் மாத்திடட்டுமா?" என்று கேட்டார். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் வருவது 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அவருடைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் அதுவும் ஏறாது. அன்றைக்கு நான் இருந்த எரிச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது வேலூரில் வெல்ல மண்டி. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து சரக்கு வரும். சிப்பம் சிப்பமாக எடை போட்டு, தரகும் கூலியும் கழித்து, விவசாயிக்குப் பட்டியல் கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறோம். 2009-ல் விஷுவல் பேசிக் 6-ல் எழுதி வாங்கியது. எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை, சோர்ஸ் கோடும் எங்களிடம் இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் எவ்வளவு பாக்கி என்ற மொத்தக் கணக்கும் அதன் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்களால் ஒரு நாள் கூட கடை திறக்க முடியாது.

2024 தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எஸ்எஸ்டி மாற்றியபோதே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அதன் மேல் வைன் ஏற்றினோம். விண்டோஸை முழுசாக உள்ளே ஓட்டும் வேலையை வைன் செய்வதில்லை. சாஃப்ட்வேர் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் இடையில் வாங்கி லினக்ஸிடம் கேட்டுக் கொடுக்கும். 1993-ல் தொடங்கிய இந்த வேலை இன்றும் நடக்கிறது, காசும் கேட்பதில்லை. வைனைப் பழைய 32 பிட் சாஃப்ட்வேருக்கான அமைப்பாக உருவாக்கி, வைன்ட்ரிக்ஸ் என்ற துணைப் புரோகிராம் மூலம், எங்கள் சாஃப்ட்வேரும் அதன் ஆக்சஸ் ஃபைலும் ஓடத் தேவையான விபி6 ரன்டைம், எம்டேக், ஜெட் 4 மூன்றையும் ஏற்றியதும் லாகின் திரை வந்துவிட்டது. ஒரு மாலை வேலைதான்.

முதலில் பிரிண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது யுஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ். சாஃப்ட்வேருக்கோ எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட் மட்டும்தான் தெரியும். விண்டோஸில் பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளை கொடுத்து ஏமாற்றித்தான் ஓட்டினோம். காலையில் கடை திறந்ததும் சில நாள் அது வேலை செய்யாது, மறுபடியும் அடிக்க வேண்டும். வைனில் ரெஜிஸ்ட்ரி என்ற செட்டிங் பட்டியலுக்குள் 'சாஃப்ட்வேர் – வைன் – போர்ட்ஸ்' என்ற இடத்தில் எல்பிடி1 என்பது இந்த யுஎஸ்பி பிரிண்டர்தான் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கப்புறம் இன்று வரை அதைத் தொடவில்லை. பட்டனை அழுத்திய விரலை எடுப்பதற்குள் பட்டியல் அடிக்க ஆரம்பித்துவிடும். மார்கழிக் கடைசியில் வாசலில் வண்டி வரிசை கட்டி நிற்கும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மண்டிக்காரர்களுக்குப் புரியும்.

தேதியில் ஒரு முறை சறுக்கினேன். லினக்ஸ் போடும்போது மொழி அமெரிக்க ஆங்கிலமாகவே இருந்துவிட்டது, வைனும் அதையே எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 3 பில்லில் 4/3 என்று விழுந்திருக்கிறது. 12-ம் தேதி வரை யார் கண்ணிலும் படவில்லை. 13-ம் தேதி பில்லில் 4/13 என்று பார்த்த பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. ரீஜன் இந்தியா என்று மாற்றியதும் சரியானது. நீங்கள் போடுவதானால் முதலில் இதைப் பாருங்கள்.

இனி தராசு. இரண்டு வருடமாக என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

தராசிலிருந்து சீரியல் கேபிள் வரும், அதை யுஎஸ்பி-யாக மாற்ற ஒரு சின்ன கேபிள். அதற்குள் சிஎச்340 சிப். ஆரம்பத்தில் லினக்ஸ் அதைக் கண்டுபிடித்த அடுத்த நொடியே விட்டுவிட்டது. பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம், அது தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் கடையில் அந்தக் கருவி யாருக்கும் தேவைப்படவில்லை என்பதால் அதை எடுத்தேன். பயனரை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் சேர்த்தேன். எடை வந்தது.

ஆனால் கரண்ட் போய் வரும் அந்த நொடியில் கேபிள் ஒரு முறை துண்டித்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். யுபிஎஸ் இருந்தும் இது நடக்கிறது. சாஃப்ட்வேர் ttyயுஎஸ்பி0 என்ற பழைய போர்ட் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் லினக்ஸ் அதற்கு யுஎஸ்பி1 என்று புதுப் பெயர் கொடுத்துவிடும். எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுக்கும் 'பை-பாத்' முகவரியை, சாஃப்ட்வேர் எடைக்காகப் பார்க்கும் காம்1 போர்ட்டுக்கு எழுதினேன். பெயர்க் குழப்பம் தீர்ந்தது. ஆனாலும் சாஃப்ட்வேரை மூடித் திறந்தால்தான் எடை வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் கேபிள் விட்டுப்போனால் எர்ரர் பெட்டி ஒன்று வந்து வேலை நின்றுவிடும். இங்கே அந்த எர்ரர் எங்களுக்கு வருவதேயில்லை. கடைசியாக வந்த எடை அப்படியே திரையில் நின்றுகொண்டிருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு நடந்தது. 42 சிப்பம் கொண்டு வந்த ஒரு பெரியவர் பட்டியலைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, நாலு சிப்பமும் ஒரே எடையா கீது?" என்றார். பார்த்தேன். 30.450, 30.450, 30.450, 30.450. காலையிலிருந்து இரண்டு முறை கரண்ட் போயிருந்தது. 42-ஐயும் இறக்கி மறுபடி எடை போட்டோம். அந்த நான்கில் மட்டும் அவருக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைத்து எழுதியிருந்தோம். அவர் பார்க்காமல் போயிருந்தால்? அதற்கு முன்னால் போனவர்கள் எத்தனை பேர்? அன்று காலை முதல் போட்ட பட்டியலையெல்லாம் எடுத்து, அடுத்தடுத்து ஒரே எடை விழுந்த இரண்டு பேருக்குப் போன் செய்து, வித்தியாசத்துக்குப் பணம் கொடுத்தேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து எடையில் ஒரு பேச்சு வாங்கியதில்லை.

வைனைக் குற்றம் சொல்வது முழு நியாயமில்லை. கேபிளும் மட்டமானது, சாஃப்ட்வேரும் எடை புதிதாக வருகிறதா என்று பார்ப்பதில்லை. பிரிண்டர், கணக்கு, ரிப்போர்ட் எதிலும் குறையில்லை. நான் விண்டோஸுக்குத் திரும்பப் போவதும் இல்லை.

ஆனாலும் ஆரணி நண்பரே, நீங்கள் மாற்ற வேண்டாம். பிரிண்டர் மட்டும் என்றால் நாளைக்கே வந்து நானே போட்டுத் தருவேன். உங்கள் கடையில் தராசு கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறது. இப்போது எங்கள் கடையில் அந்தக் கேபிளைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டோம். பையன் தராசு அருகில் நின்று சிவப்பு எண்ணைச் சத்தமாகப் படிக்கிறான், விவசாயியும் கூடவே பார்க்கிறார், நான் கையால் அடிக்கிறேன்.